உங்க ஹாஸ்டலைத் தத்தெடுக்கப் போறோம்

(விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கல்லூரிப் பிள்ளைகளின் ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் முடிகிற நாள். ஊர்ப் பெரியவர் ஒருவரை 'ரெண்டு வார்த்தை' பேசக் கூப்பிட்டார்கள்.)

ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு புரபசர் அய்யா சொன்னாக. ரெண்டே வார்த்தைன்னா 'ரொம்ப நன்றி'ன்னு சொல்லிட்டு உக்காந்துரலாம். ஆனா நீங்க ஏழு நாளா எங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கீக. வாங்குன கடனை வச்சுக்கிட்டுச் சாகக் கூடாதுன்னு எங்கப்பன் சொல்லிட்டுப் போயிருக்காரு. அதனால அசலை மட்டும் இப்பத் திருப்பிக் குடுத்துர்றேன். வட்டி வேணும்கிறவுக சாயங்காலம் மடத்துப் பக்கம் வாங்க.

மொத நாள் ஊர்வலம் போனீகளே, 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்'னு, அருமை. எல்லாருக்கும் நல்ல தொண்டை. பதினோரு மணி வெயில்ல போனீக. அந்நேரம் ஊர்ச்சனம் அம்புட்டும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்துச்சு. தெருவுல இருந்தது நானும் எம் மருமக வளக்குற கோழிகளும்தான். எனக்குக் காது மந்தம். கோழிகளுக்கு இப்ப நல்ல விழிப்புணர்வு வந்திருக்கு.

பின்னாடி கட்டியிருக்கிற இந்த பிளக்ஸ் பேனரை மட்டும் போறப்ப விட்டுட்டுப் போங்கப்பா. ஆட்டுக் கொட்டகை ஒழுகுது. 'நெகிழியை ஒழிப்போம்'னு எழுதியிருக்கிற பக்கத்தை உள்ளாறத் திருப்பிக் கட்டுறேன். ஆடுகளும் படிக்கட்டும்.

வீட்டுக்கு ஒரு மஞ்சப்பை குடுத்தீக. சந்தோசம். ஒரு காலத்துல மெட்ராஸ்ல போயி இறங்குனா எங்களை 'மஞ்சப்பை'ன்னுதான் கூப்பிடுவாக. பட்டிக்காட்டான்னு நேராச் சொல்ல அவுக நாகரிகம் இடம் குடுக்காது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கிழியக் கிழியத் தச்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்ச சனம் நாங்க. தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குல 14 வகைக்கு 2019 சனவரியில தடை போட்டாக. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு அரசாங்கமே இயக்கம் ஆரம்பிச்சுச்சு. இப்ப எங்க பையை எங்களுக்கே கொண்டாந்து குடுக்குறீக. குடுங்க, அதுல தப்பில்ல. பத்துப் பத்தா அடுக்கிப் பாலித்தீன் கவர்ல போட்டுக் கொண்டாந்தீக பாருங்க, அதுதான் எம் புத்திக்கு எட்டல.

மூணாம் நாள் கண்மாய்க்குள்ள சீமைக்கருவை வெட்டுனீக. பாவம், கையெல்லாம் முள்ளு. எங்க வீட்டுக் கிழவி பொழுது சாயுற வரைக்கும் ஊசியை வச்சுக்கிட்டு உங்களுக்கு முள்ளு எடுத்தா. ஆனா வெட்டுனது முழங்கால் உசரத்துல. அந்த மரத்தை அடி விட்டு வெட்டுனா ஒண்ணுக்கு நாலாத் துளுக்கும். வேரோட பறிச்சாத்தான் அடங்கும். அதுக்கு ஜேசிபி வேணும், இல்லேன்னா கடப்பாரையும் பொறுமையும் வேணும். கரிமூட்டம் போடுற ஏவாரி வேணும்னேதான் அடி விட்டு வெட்டுவாரு, அடுத்த வெட்டுக்கு ஆகணும்ல. நீங்க பண்ணிட்டுப் போனது அவரு வேலை. கூலி வாங்காமப் பண்ணிக் குடுத்திருக்கீக. ஆளு ரொம்பச் சந்தோசமா இருக்காரு. இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருதான் அப்பளம் வாங்கிக் குடுத்தது, தெரியும்ல?

விறகுக்கு ஆகும்னு வெளிநாட்டுல இருந்து வந்து, பெறகு சர்க்காரே பரப்பிவிட்ட மரம் அது. 2017-ல மதுரை ஐகோர்ட்டுக் கிளை அகத்தச் சொல்லுச்சு. ஊர் ஊரா இறங்கி வெட்டுனாக. இப்பப் போயிப் பாருங்க. அது காயை எங்க ஆடு திங்குது, விதையைப் புழுக்கையோட போட்டுக்கிட்டே போகுது. உங்களுக்கு வருசத்துல ஏழு நாள் கேம்பு. ஆட்டுக்கு வருசம் பூராம் கேம்பு. யாரு செயிப்பாக? இன்னொண்ணு, ராத்திரி நாடகத்துல அந்த மரத்தை அரக்கனா வேசம் கட்டி ஆடுனீக. கை தட்டுனோம். ஆனா இந்த வானம் பார்த்த பூமியில எத்தனையோ வீட்டுல அந்தக் கரியை வித்துத்தான் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புனாக. அரக்கன் வேசம் கட்டுன தம்பிக்கே பீஸ் கட்டுனது அரக்கனா இருக்கலாம். விசாரிச்சுக்கங்க.

பனைக்கு வருவோம். போன புரட்டாசியில ஒருநாள் வந்து கண்மாய்க் கரை நெடுகப் பனங்கொட்டை ஊனுனீக. ஆயிரம் கொட்டைன்னு பேப்பர்லயும் வந்துச்சு. பனை நம்ம மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டுல 76 லட்சம் பனங்கொட்டை குடுப்போம்னு அறிவிச்சாக, கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னும் சொன்னாக. எல்லாம் நல்லதுதான். எனக்கு ஒரு சந்தேகம். புரட்டாசியில ஊனுன கொட்டை தையில என்னவா இருக்கும்? வெவசாயம் படிக்கிற பிள்ளைக யாராச்சும் சொல்லுங்க... இல்லையா? கிழங்கு தாயி, கிழங்கு! பொங்கலுக்குக் கரும்போட சேத்துக் கட்டுக் கட்டா விக்கிறாகளே, அந்தப் பனங்கிழங்கு. நீங்க ஊனிட்டுப் போனீக, எங்க ஊர்ப் பொடியன்க பொங்கலுக்குத் தோண்டித் தின்னுபுட்டானுக. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, நாரை உரிச்சுப் போட்டு... பொய் சொல்லக் கூடாது, நானும் ஒரு கட்டுத் தின்னேன். இந்தக் கண்மாய்க் கரையில இம்புட்டுக் கிழங்கு எந்தக் காலத்துலயும் விளைஞ்சதில்ல. அந்த வகையில உங்க திட்டம் வெற்றி.

சிரிக்கிறீக. பனை காய்க்கப் பன்னெண்டு பதினஞ்சு வருசம் ஆகும். அதுவரைக்கும் அது ஆணா பொண்ணான்னே தெரியாது. அதுக்குள்ள நீங்க கல்யாணம் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேத்து, அதுக்கு 'மரம் நடுவோம்'னு கட்டுரையும் எழுதிக் குடுத்திருப்பீக. ஊனுன அன்னைக்கு எண்ணிட்டுப் போனீகளே, கார்த்திகையில ஒரு ஆளு பஸ் ஏறி வந்து முளைச்சது எத்தனைன்னு எண்ணியிருந்தா, பொடியன்களுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும், எனக்கும் அந்தக் கட்டு கிடைச்சிருக்காது.

உங்க நலப்பணித் திட்டம் 1969-ல, காந்தி நூற்றாண்டு வருசம், 37 பல்கலைக்கழகத்துல 40,000 பிள்ளைகளோட ஆரம்பிச்சதுன்னு புரபசர் அய்யா காலையில பேசுனாக. அப்ப எனக்கு மீசை அரும்புற வயசு. ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் சேவை பண்ணணுமாம்ல. விரல் விட்டுப் பார்த்தேன். ராத்திரி பகலாக் கூட்டுனாச் சரியாப் பத்து நாள் வருது. இந்தக் கரிசல்ல ஒரு வேப்பங்கன்னு தானா நிக்கணும்னாலே ரெண்டு கோடை தாண்டணும். அதுக்கு உங்க மணிக்கணக்கை யாரு சொல்றது?

அது கிடக்கட்டும். எங்க ஊரைத் தத்தெடுத்திருக்கிறதா ரோட்டு ஓரத்துல போர்டு வச்சிருக்கீக. பிள்ளையைத் தத்துக் குடுக்கிறவுக, எடுக்கிறவுக வீட்டுல அடுப்பு எப்படி எரியுதுன்னு போயிப் பாக்கிறது வழக்கம். எம் பேத்தி ஒருத்தி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. எந்தக் காலேஜுன்னு சொல்ல மாட்டேன், அவளுக்கு இன்னும் ரெண்டு செமஸ்டர் பாக்கி இருக்கு. முறுக்குச் சம்படத்தைக் குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரம் கிடந்துச்சுன்னு மெஸ்ஸுக்குப் பின்னாடி சும்மா ஒரு நடை நடந்தேன்.

அங்க வரிசையா நீல டிரம்மு. மூடியைத் தூக்குனாச் சோறு. சாம்பார் ஊத்துன சோறு, தயிர் ஊத்துன சோறு, ஓரத்துல மட்டும் கடிச்ச சப்பாத்தி, தொட்டே பாக்காத முட்டை. எங்க வீட்டுலயும் கழனிப்பானை உண்டு. அரிசி கழுவுன தண்ணி, காய்த்தோலு, தப்பித்தவறி மிஞ்சுனா ஒரு கைச்சோறு, அம்புட்டுதான் அதுல விழும். மாடு குடிச்சுப்புடும். இந்த டிரம்மை மட்டும் எங்க மாடு பார்த்திருந்தா கயித்தை அத்துக்கிட்டு வந்து உங்க காலேஜுல அட்மிஷன் போட்டிருக்கும்.

ஒரு கிலோ நெல்லு விளையச் சராசரியா 2,500 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு நெல் ஆராய்ச்சிக்காரக கணக்கு வச்சிருக்காக. எங்க கண்மாய்க்குள்ள நின்னு 'தண்ணி இல்லையே'ன்னு கவலைப்பட்டீகளே, ரொம்பப் பெரிய மனசு. அந்தத் தண்ணியில பாதி உங்க மெஸ்ஸுக்குப் பின்னாடி டிரம்முல மூடி போட்டுக் கிடக்குது, பார்த்துட்டுத்தான் வந்தேன்.

பேத்திக்குச் சுற்றுச்சூழல் பாடத்துல நல்ல மார்க்கு. அந்தப் பாடமும் லேசுல வந்துறல. மேத்தான்னு ஒரு வக்கீல் போட்ட கேசுல 1991-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, அதுக்கும் பல வருசம் கழிச்சுத்தான் எல்லா டிகிரிக்கும் கட்டாயமாச்சாம். 'அந்த டிரம்மெல்லாம் ராத்திரி எங்க தாயி போகுது?'ன்னு கேட்டேன். 'அது சிலபஸ்ல இல்ல தாத்தா'ன்னுட்டா.

5,000 சதுர மீட்டருக்கு மேல இடம் வச்சிருக்கிற நிறுவனமெல்லாம் குப்பையைத் தரம் பிரிக்கணும், மக்குற குப்பையை முடிஞ்ச மட்டும் அந்த வளாகத்துக்குள்ளேயே உரமாவோ எரிவாயுவாவோ ஆக்கணும்னு 2016-ல வந்த திடக்கழிவு விதியில எழுதியிருந்துச்சு. இந்தக் கிழவன் இதை எங்க படிச்சான்னு பாக்குறீகளா? நாலாம் நாள் நீங்க வீடு வீடாக் குடுத்த நோட்டீஸ்லதான். எங்க வீடு மூணு சென்ட்டு. உங்க காலேஜு எத்தனை ஏக்கரு? நோட்டீஸை யாருக்குக் குடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

பேத்திகிட்ட இன்னும் துருவுனா, அதெல்லாம் காலேஜுக்குத் தரம் போடுற நாக் டீம் வர்றப்பப் பார்த்துக்குவாகளாம். ஏழு தலைப்புல மார்க்குப் போட்டாகளாமே, ஏழாவதுல பசுமை வளாகமும் மழைநீர் சேகரிப்பும் வந்துச்சாம். அவுக வந்த வாரம் படிக்குப் படி தொட்டிச்செடியாம். போன மறுநாளு நர்சரிக்காரர் வண்டியில செடியெல்லாம் ஊர் திரும்பிருச்சாம். அவ சொன்னது. நான் எதையும் கண்ணால பாக்கல.

இதையெல்லாம் யோசிச்சு, மடத்துல உக்காந்து ஊரா ஒரு முடிவு எடுத்திருக்கோம். அடுத்த வருசம் எங்க ஊரு உங்க ஹாஸ்டலைத் தத்தெடுக்குது. ஏழு நாள் சிறப்பு முகாம். காலையில அஞ்சு மணிக்கு வராண்டா வராண்டாவா ஊர்வலம். 'தின்ன முடிஞ்சதை வாங்கு, வாங்குனதைத் தின்னு'ன்னு கோசம். கோழிகளும் வரும், அதுக்குத்தான் நல்லாப் பழக்கமாயிருச்சே. ரெண்டாம் நாள் கணக்கெடுப்பு. வீட்டுல கக்கூஸ் இருக்கா, குப்பையை எங்க கொட்டுறீகன்னு நீங்க எங்க பொம்பளையாளுகளை நிக்க வச்சுக் கேட்டீகள்ல? நாங்களும் ஒரு படிவம் அடிச்சிருக்கோம். போனைத் தட்டி வாரத்துக்கு எத்தனை தரம் பிரியாணி வருது, வந்த டப்பா எங்க போச்சு, ஆளில்லாத ரூம்புல பேன் எத்தனை மணி நேரம் சுத்துச்சு, குளிக்க எத்தனை வாளி... கூச்சப்படாமச் சொல்லணும். எல்லாம் ஆய்வுக்குத்தான்.

குடிதண்ணி சுத்தம் பண்ற மிஷினு ஒரு குடம் நல்ல தண்ணி தர்றதுக்குள்ள அதுக்கு மேலேயே வெளிய தள்ளுது, அது நேராச் சாக்கடைக்குப் போகுது. அதைத் தொட்டியில பிடிச்சு வச்சுத் தரை துடைக்கலாம், கக்கூஸுக்கு ஊத்தலாம்னு எங்க கிழவி செய்முறை விளக்கம் தருவா. பவர்பாயிண்டு கிடையாது, வாளிதான். கடைசி நாள் நிறைவு விழா, போட்டோ, பொன்னாடை. வாசல்ல ஒரு புங்கங்கன்னை நட்டு, எங்க ஊர்ப் பேரு போட்ட பலகையும் வச்சுட்டு, தண்ணி ஊத்துற பொறுப்பை வார்டன்கிட்ட ஒப்படைச்சுட்டு வண்டி ஏறிருவோம். நீங்க எங்க பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போறீகளே, அதே முறைதான்.

கோவம் வருதா? நாங்க வருசா வருசம் காப்பி போட்டுக் குடுத்தோம்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். மெட்ராஸ்ல மகன் வீட்டுல இருந்தப்ப ஒரு மாசி மாசம், ராத்திரி ஆமை பாக்கப் போவோம்னு அவன் என்னை நீலாங்கரைக்கு இழுத்துட்டுப் போனான். அங்கே காலேஜுப் பிள்ளைக கொஞ்சப் பேரு, பையும் குச்சியுமா மணல்ல நடக்கத் தயாரா நின்னாக. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்புன்னு 1988-ல இருந்து நடக்குதாம். பங்குனி ஆமை கரையேறி முட்டை போடுற மாசங்கள்ல, இந்தப் பிள்ளைக ராத்திரி பூராம் நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கரையோரமா நடக்குறாக. தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிச்சு, நாய் தோண்டுறதுக்குள்ள நூத்துச் சொச்சம் முட்டையைப் பதறாம எடுத்து, பொரிப்பகத்துல அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைக்கணும். ஒன்றரை ரெண்டு மாசத்துல குஞ்சு வரும். வர்ற குஞ்சு வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதான் ஓடும். முன்னெல்லாம் கடல்தான் வெளிச்சம். இப்ப நம்ம தெருவிளக்கு. அதனால கூட இருந்து கடல்ல கொண்டுபோயி விடணும்.

'போட்டோ எடுப்பீகளா தாயி?'ன்னு ஒரு பிள்ளைகிட்டக் கேட்டேன். ஆமை இருக்கிற இடத்துல பிளாஷ் அடிக்கக் கூடாதாம். 'சர்டிபிகேட்டு?' சிரிச்சுச்சு. 'அப்புறம் எதுக்குத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வர்றீக?' 'போன வருசமும் வந்தோம்ல தாத்தா, அதான்'ன்னுச்சு. எனக்கு இடுப்பு வலி, பாதியிலேயே மகனைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிட்டேன். 2025 தையில அதே கடற்கரையில செத்த ஆமைக நூத்துக்கணக்குல ஒதுங்குச்சு. மூச்சு வாங்க மேல வர முடியாம இழுவலையில மாட்டுனதுதான்னு சொன்னாக. அந்தப் பிணவாடையிலயும் அந்த மணல்ல நடந்திருக்காக இந்தப் பிள்ளைக. நடந்ததுனாலதான் எத்தனை செத்துச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுச்சு.

உங்களை ராத்திரி முழிக்கச் சொல்லல. எங்களுக்கு வராததை நீங்க செய்யுங்கங்கிறேன். மம்பட்டி எங்களுக்கு வரும். குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆளு கண்மாய் வேலைக்குப் போன சனம் நாங்க. அந்த வேலையைக் கட்டாயமாக்கி 1858-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வச்சான். நீங்க பிடிச்ச மம்பட்டியை நாங்க மறுபடி பிடிச்சுச் சரி பண்ண வேண்டியிருக்கு. நீங்க கையோட கொண்டுவந்திருக்க வேண்டியது படிப்பு. அதை ஹாஸ்டல்ல பூட்டி வச்சுட்டு வந்துட்டீக. கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை மடத்துச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுச்சு. எங்க போர்த் தண்ணி குடிச்ச பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் கறை. அது புளோரைடா இல்லையான்னு ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டுப் போயி உங்க லேப்புல பார்த்துச் சொல்லக் கூடாதா? சிவில் படிக்கிற தம்பி கோலப்போட்டிக்கு நடுவரு. கண்மாய்க் கலுங்கு மட்டம் இறங்கிருச்சான்னு லெவல் மிஷின் வச்சுப் பாக்க ஆளில்லாம நாங்க கிடக்கோம். அவரு புள்ளி எண்ணிக்கிட்டு இருக்காரு.

தமிழ்நாட்டுல 39,000 சொச்சம் ஏரி, கண்மாய் இருக்குங்கிறாக. அதுல ஒண்ணு எங்க கண்மாய். மழை பெய்யுது, தண்ணி வந்து சேரல. ஏன்னா வரத்துக்காலைக் காணோம். எங்க தாத்தன் காலத்துல அதுல ஆளு முங்குமாம். இப்பப் பாதி கருவைக்காடு, பாதி யாரோ போட்ட பிளாட்டு, நடுவுல ஒரு ரோடு, பாலமே இல்லாம. அந்தக் கால்வாய் எந்தச் சர்வே நம்பர்ல போகுதுன்னு புலப்படத்துலயும் அ-பதிவேட்டுலயும் இருக்கு. அதையெல்லாம் இப்பப் போன்லயே பாக்கலாமாம்ல? ரீல்ஸ் பாக்குற அதே போன்லதான். பார்த்து, ஆத்துல இருந்து கண்மாய் வரைக்கும் நடந்து, எந்த இடத்துல அடைச்சிருக்குன்னு ஒரு படம் போட்டுக் குடுங்க. அதிகாரி பதில் சொல்லலேன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபா கட்டி எழுதிப் போட்டா 30 நாளுல பதில் தரணும். அந்த மனுவை எழுத எங்க ஊர்ல ஆளு கிடையாது. எழுதத் தெரிஞ்சதெல்லாம் உங்களை மாதிரிப் படிக்கப் போயி, வேற ஊர்ல கேம்பு போட்டுக்கிட்டு இருக்கு.

சரி, சர்டிபிகேட்டுக் குடுக்க நேரமாச்சுன்னு அய்யா சைகை காட்டுறாக. குடுங்கய்யா. ஒரே ஒரு யோசனை. பாதியாக் கிழிச்சு ஒரு பாதியை இப்பக் குடுங்க. மறுபாதியை அடுத்த தையில, பொடியன்க தின்னது போகக் கரையில நிக்கிற பனையை எண்ணி முடிச்ச பெறகு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். கைநாட்டுன்னு நினைச்சுராதீக, இங்கிலீசுலயே போடுவேன். அதுக்கு முன்னாடி மார்ச் 22, தண்ணி தினத்துக்குக் கிராம சபை கூடுது. வரத்துக்கால் படத்தோட யாராச்சும் வந்தா மொதப் பொருளா அதைத்தான் எடுக்கணும்னு தலைவர்கிட்டச் சொல்லி வச்சுட்டேன். அன்னைக்கு இங்க வர்ற பஸ்ஸு ஒன்பதரைக்கு. மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுலதான். தட்டுல மிச்சம் வச்சா மட்டும் கிழவி பேசுவா.